நின்ற கோபுரம், படுத்த வீடு: டிரம் கோட்டையை எப்படிப் பார்ப்பது?

ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்திலுள்ள டிரம் கோட்டைக்குப் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு மூலையில் ஜன்னல் அதிகமில்லாத முரட்டுக் கல் கோபுரம். அதோடு ஒட்டினாற்போல் நீளமான ஒரு வீடு. கோபுரத்துக்குள் போனால் போர்க்கருவிகள் இருக்கும் என்று பார்த்தேன், புத்தக அலமாரிகள் இருந்தன. வசதியாக வாழ நினைத்தவர்கள் கோபுரத்தை இடித்துவிட்டே கட்டியிருக்கலாமே? ஏன் இப்படி ஒட்டவைத்தார்கள்? இது கோட்டையா, வீடா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இது வீடு. கோபுரத்தோடு வந்து சேர்ந்த பகுதி மட்டுமல்ல, கோபுரமும் முதல் நாளிலிருந்தே வீடுதான். கோட்டை என்றதும் படை, பீரங்கி, அகழி என்று நம் மனம் போகிறது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் இப்படி நிற்கும் கோபுரங்களில் பெரும்பாலானவை ஒரு நிலவுடைமைக் குடும்பம் குடியிருந்த இடங்கள். அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அடியில் சரக்கறை, அதன்மேல் எல்லாரும் கூடிச் சாப்பிடும் பெரிய கூடம், அதற்கும் மேலே குடும்பத்தார் அறை, உச்சியில் காவல். நிற்கவைத்த வீடு என்று சொல்லலாம். பிற்காலத்தில் நடந்ததெல்லாம் அந்த வீட்டைப் படுக்கவைத்த வேலை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் டிரம்மில் நீங்கள் பார்த்த விநோதங்களில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

முதலில் கோபுரம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. ஸ்காட்லாந்தில் இன்றும் முழுசாக நிற்கும் கோபுர வீடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அபர்டீன் நகரத்தின் முதல் தலைவர் என்று சொல்லப்படும் ரிச்சர்ட் சிமென்டேரியஸ் என்ற தலைமைக் கொத்தனார் கட்டியது என்பது வழிவழியாக வரும் பேச்சு. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கொத்தனார் என்றுதான் பொருள். உயரம் ஏறத்தாழ 70 அடி. மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்கும், அதைக் கவனித்திருப்பீர்கள். கூரான மூலைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுப்பது எளிது, உருண்ட மூலையில் பிடி கிடைக்காது. உச்சியில் கைப்பிடிச் சுவர் பல்வரிசை போல ஏறி இறங்குகிறதே, நம் பழைய இலக்கியத்தில் மதில்மேல் வரும் ஞாயில் என்ற சொல் இதற்குப் பொருந்தும். சுவரிலிருந்து வெளியே நீட்டிய தாங்குகற்களின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது.

சுவர் தடிமன் அடியில் ஏறத்தாழ 12 அடி. இந்த எண்ணைப் படித்துவிட்டுத் தாண்டிவிடக் கூடாது, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபுரத்தின் வெளி அளவு ஏறத்தாழ 53 அடிக்கு 39 அடி. இருபக்கமும் 12 அடி போனால் உள்ளே மிஞ்சுவது 29க்கு 15. அதாவது, அடைத்துக்கொண்ட 2,000 சதுர அடிச் சொச்சத்தில் ஆள் நிற்க முடிகிற இடம் 435 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்குதான் அறை, மீதியெல்லாம் சுவர். சென்னையில் ஒரு சிறிய ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் அளவு இடத்துக்காக இவ்வளவு கல்லை அடுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சுவரும் முழுக்கத் திடமான சுவர் அல்ல. இந்தக் கோபுரங்களின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. படிக்கட்டு சுவருக்குள் ஓடுகிறது, கழிப்பிடம் சுவருக்குள் குடையப்பட்டிருக்கிறது, ஒரு ஆள் படுக்கிற அளவு சிற்றறைகளும் சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. நடுவில் பெரிய கூடத்துக்கு மட்டும் வெற்றிடம் விட்டுவிட்டு, மற்ற வசதிகளையெல்லாம் சுவர் விழுங்கிக்கொண்டது. உள்ளே மூன்று கல் வளைவுக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அந்த வளைவுகள் பக்கவாட்டில் தள்ளுகிற விசையைத் தாங்கவும் சுவர் கனமாக இருந்தாக வேண்டும். ஆகவே தடிமனுக்கு எதிரி மட்டும் காரணமல்ல, கூரையும் காரணம். மரத்தளம் போட்டிருந்தால் சுவர் மெலிந்திருக்கலாம், ஆனால் தீவைத்தால் எரியும். கல் வளைவு எரியாது.

வாசல் தரையில் இல்லை, முதல் மாடியில் இருந்தது. ஏணி வைத்து ஏறி, வேண்டாதவர் வந்தால் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி. இன்று நீங்கள் ஏறுகிற வெளிப்புறப் படிக்கட்டு பிறகு வந்தது. சுவருக்குள் இருக்கும் படிதான் கீழே சரக்கறைக்கும் வழி, மேலே போகவும் வழி.

1323இல் ராபர்ட் த புரூஸ் மன்னர், வில்லியம் டி இர்வின் என்பவருக்கு டிரம் காட்டையும் கோபுரத்தையும் கொடுத்தார். டிரம் என்பது கேலிக் மொழியில் மேட்டு முகட்டைக் குறிக்கும் சொல், கொட்டுகிற டிரம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று தொடங்கி இர்வின் குடும்பம் அறுநூற்றைம்பது ஆண்டுகள் இங்கேயே இருந்தது. 1411இல் ஹார்லா போரில் இந்தக் குடும்பத்தின் தலைவர் மாண்டார். குடும்பத் தலைவரை அங்கே லேர்ட் என்பார்கள், நம் ஊர் ஜமீன்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கப் பொருந்தாவிட்டாலும் பக்கத்தில் வரும்.

இந்த மூன்று நூற்றாண்டுகளிலும் கோபுரம் தேவையாக இருந்தது. ஊர்ச் சண்டை, பங்காளிச் சண்டை, மாடு கவர வருகிற கூட்டம் என எதற்கும் பஞ்சமில்லை. இங்கிலாந்து எல்லைப்புறத்தில் நிலைமை இன்னும் மோசம். 1535இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஒன்றைப் பாருங்கள்: எல்லைப்பகுதியில் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் 60 அடிக்கு 60 அடியில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு சுற்றுமதில் கட்டியாக வேண்டும், விருப்பமிருந்தால் உள்ளே தனக்கு ஒரு கோபுரமும் கட்டிக்கொள்ளலாம். மாடும் மக்களும் ஓடிவந்து ஒதுங்குவதற்கான மதில் கட்டாயம், துரைக்கான கோபுரம் அவர் விருப்பம். சட்டம் எழுதியவர்களுக்கு முன்னுரிமை எது என்று தெரிந்திருக்கிறது.

1603இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரே மன்னர் ஆனார். நிலைமை கொஞ்சம் அடங்கியது. 1619இல் ஒன்பதாவது லேர்ட் அலெக்சாண்டர் இர்வின், கோபுரத்துக்குப் பக்கத்தில் நீங்கள் பார்த்த நீள வீட்டைக் கட்டினார். தெற்குப் பார்த்த முகப்பு, இரு கோடியிலும் சதுர வடிவ எடுப்புகள், படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர்கள். இந்தப் படிகளை அந்த ஊரார் காக்கைப் படி என்கிறார்கள், காக்கை மட்டும்தான் ஏற முடியும் என்பதாலோ என்னவோ.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபுரத்தில் கூடத்துக்கு மேலே இருந்த அறை, இந்த வீட்டில் கூடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுக்களையும் சரக்கறையும் மட்டும் கீழ்த்தளத்தில் கல் வளைவுக்கு அடியிலேயே தங்கிவிட்டன. நல்ல அறைகள் இன்னமும் முதல் மாடியில்தான். பழக்கம் உடனே போய்விடவில்லை. மூன்று தலைமுறை தரையில் படுக்கப் பயந்தவர்களின் வீட்டில் நான்காவது தலைமுறை சமாதானமானாலும் கட்டில் மாடியிலேயேதான் கிடக்கும். ஸ்காட்லாந்தின் 17ஆம் நூற்றாண்டு வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

சமாதானம் வந்துவிட்டது என்ற நம்பிக்கைக்கு உடனே அடியும் விழுந்தது. உள்நாட்டுக் குழப்பத்தில் இர்வின் குடும்பம் மன்னர் பக்கம் நின்றது. வீடு கட்டி 21 ஆண்டுகளில், 1640இல், எதிர்த்தரப்புப் படை வந்து முற்றுகையிட்டது.

சரி, ஏன் இடிக்கவில்லை? பரம்பரைச் சொத்தின்மேல் பக்தி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் நான் முதலில் சொல்வது கூலிக்கணக்கு. 12 அடிக் கற்சுவரை வெடிமருந்து வைக்காமல் பிரிப்பதென்றால் புது வீடு கட்டுகிற செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கோபுரம் யாருக்கும் இடைஞ்சலாகவும் இல்லை. தீப்பிடிக்காத சரக்கறையாக, பத்திரங்களும் வெள்ளிச் சாமான்களும் வைக்கிற பெட்டகமாக இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம், பத்திரம் என்றதும் இன்னொன்று. அக்கால ஸ்காட்லாந்து நிலச் சாசனங்களில் நிலத்தோடு சேர்த்து "கோபுரமும் அரணும் மனையும்" என்று எழுதுவது வழக்கம். கோபுரம் ஒரு கட்டடம் மட்டுமல்ல, உரிமையின் அடையாளமும் கூட. வரிசையாகப் பல தலைமுறை வைத்திருந்த நிலம் என்பதற்குப் பத்திரத்தைவிடத் தூரத்திலிருந்தே தெரிகிற சாட்சி. புதுப்பணக்காரர் எவ்வளவு பெரிய வீடும் கட்டலாம், 300 வருஷக் கோபுரத்தைக் கட்ட முடியாது.

ஆகவே ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்த இடத்தில்தான் இந்த மாதிரி வீடுகளின் கதை முழுவதும் இருக்கிறது. அடுத்த முறை போனால் முகப்பைப் படம் எடுத்து முடித்ததும், பழைய கட்டடமும் புதியதும் சேருகிற மூலைக்குப் போய் நில்லுங்கள். தளமட்டம் ஒத்துப்போகாது. கோபுரத்தின் கூடத் தரை ஒரு உயரம், புது வீட்டின் அறைத் தரை வேறு உயரம். இடையில் நாலைந்து படிகள் எங்காவது அசட்டுத்தனமாக வந்து நிற்கும். ஒரு கதவைத் திறந்தால் அறைக்குப் பதிலாக ஒரு சின்னச் சுரங்கம் போல நீளும், அது அறையல்ல, சுவரின் தடிமன். ஒரு பழைய வீட்டில் எது முதலில் கட்டப்பட்டது என்று தெரியாவிட்டால் நான் செய்கிற முதல் வேலை கதவு நிலைகளில் கையை விரித்துப் பார்ப்பதுதான். பூச்சும் பலகையும் பொய் சொல்லும், தடிமன் சொல்லாது.

நீங்கள் கேட்ட நூலகம் அப்படிப்பட்ட ஓர் ஓட்டையால்தான் உண்டானது. 1840களில் கோபுரத்தின் கூடத்தை நூலகமாக மாற்றினார்கள். புது வீட்டிலிருந்து சுவரைக் குடைந்து வழி, வெளிச்சத்துக்குப் பெரிய ஜன்னல், சுற்றிலும் அலமாரி. ஐந்நூறு ஆண்டுகளாக எதிரி உள்ளே வரக்கூடாது என்று நின்ற சுவரை, படிக்க வெளிச்சம் போதவில்லை என்று வீட்டுக்காரரே உடைத்தார். அந்த ஜன்னலடியில் நின்றால் சுவரின் ஆழம் ஒரு சிறு அறை அளவுக்கு இருக்கும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். பாதுகாப்பு வசதியாக மாறுகிற கணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அலமாரி வைத்தவர்கள் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். சுவருக்குள் சிற்றறைகள் உண்டு என்றேனே, அவற்றின் வாய் அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்துபோனது. வெளியே நின்று பார்த்தால் சின்ன ஜன்னல் தெரியும், உள்ளே வந்தால் அந்த இடத்தில் புத்தகம் இருக்கும். 2013 வாக்கில் கோபுரத்தைப் பழுதுபார்த்தபோது தொல்லியலாளர்கள் அந்த ஜன்னல்கள் வழியாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒன்றில் இடைக்காலக் கழிப்பிடம் அப்படியே இருந்தது, மர இருக்கையின் மிச்சத்தோடு. கூடத்திலிருந்து அதற்குப் போகும் பழைய வாசலும் இருந்தது. இன்னொரு அறை, 1746இல் கலோடன் போரில் மன்னருக்கு எதிரான கிளர்ச்சிப் படையோடு சேர்ந்து தோற்ற பிறகு பதினேழாவது லேர்ட் ஒளிந்திருந்த இடமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சகோதரி மேரி காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார் என்பது குடும்பக் கதை. லேர்ட் அதே அறையில்தான் இருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படையாட்கள் வீடு முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், ஐந்தில் நான்கு பங்கு சுவராக இருக்கிற கட்டடத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை.

அடுத்த மாற்றம் 1870களின் பிற்பகுதியில், டேவிட் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகம் செய்தது. முற்றப் பக்கமாக நுழைவுக் கூடமும் நடைகூடமும் சேர்த்தார்கள். பயணிகள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1619 காலத்து வீடுகளில் ஓர் அறைக்குப் போக இன்னோர் அறையைக் கடந்து போகவேண்டியிருக்கும். துரை தூங்குகிறார், வேலைக்காரர் கரி வாளியோடு குறுக்கே போகிறார். விக்டோரியா காலத்தாருக்கு இது தாங்காது. நடைகூடம் வந்ததும் ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு, தனி வாழ்க்கை. என்னைக் கேட்டால் ஜன்னல், கூரை எல்லாவற்றையும்விட வாழ்க்கையை அதிகம் மாற்றியது இந்த நடைகூடம்தான். 1976இல் வீடு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

இதே சிக்கலுக்கு மற்ற குடும்பங்கள் வேறு விடை கண்டன. ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டையில் கோபுரத்தை ஓரத்தில் விடாமல் நடுநாயகமாக்கிவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே இருந்த பேட்ரிக் பிரபு, ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்த சிறகுக்கு இணையாக மறுபக்கம் ஒன்று கட்டினார். கோபுரம் ஆங்கில எல் வடிவில் கோணலாக நின்றது. அதை நேராக்க முடியாது என்று கண்டதும், வருகிற சாலையைத் திருப்பினார். கோபுரத்தின் உள்மூலை நேரெதிரே தெரிகிறமாதிரி சாலை போட்டதும், கோணலே அழகாகிவிட்டது. இன்றும் கிளாமிஸ் படங்களெல்லாம் அந்தச் சாலையிலிருந்து எடுத்தவைதான்.

இங்கிலாந்தின் வடகோடியில் பெல்சே. அங்கே 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம், 1614இல் அதன் பக்கத்தில் வீடு. கிட்டத்தட்ட டிரம்மின் அச்சு. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சொத்துக்கு உரிமையாளராக இருந்த சர் சார்லஸ் மங்க் தேனிலவுக்குக் கிரேக்க நாட்டுக்குப் போய்வந்தார். திரும்பிவந்தவருக்குக் கோபுரத்தில் இருக்க மனசில்லை. சற்றுத் தள்ளி, நூறடிக்கு நூறடிச் சதுரத்தில் கிரேக்கக் கோயில் பாணியில் ஒரு வீடு கட்டி, 1817 கிறிஸ்துமஸ் அன்று குடியேறினார். அப்போதும் கோபுரத்தை இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். புது வீட்டுக்குக் கல் எடுத்த குவாரிப் பள்ளத்தைத் தோட்டமாக்கினார்கள், தோட்டத்தின் வழியே நடந்தால் கடைசியில் பழைய கோபுரம் காட்சிப்பொருளாக நிற்கும். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியாவில் சைசர் கோட்டை இன்னொரு வகை: 1239 முதல் ஸ்டிரிக்லாண்ட் குடும்பம். அங்கே கோபுரத்தைச் சுற்றிக் கூடமும் சிறகுகளும் கொடிபோலப் படர்ந்துவிட்டன. அந்த வீட்டில் மரப்பதிப்பு வேலைப்பாடுள்ள ஓர் அறையின் பலகைகளை 1891இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார்கள். 1999இல்தான் அவை பழைய சுவருக்குத் திரும்பின.

ஓர் எச்சரிக்கை. டிரம் இருக்கும் அதே டீ ஆற்றங்கரையோரமாக மேற்கே போனால் பால்மோரல் வரும். அங்கேயும் கோபுரம், அங்கேயும் ஒட்டிய வீடு. ஆனால் இரண்டும் ஒரே கட்டுமானம், 1850களில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசரின் மேற்பார்வையில் எழுந்தது. அரச குடும்பத்துக்கே "எங்கள் வீடும் ஒரு பழைய கோபுரத்திலிருந்து வளர்ந்ததுபோல இருக்கட்டும்" என்று தோன்றியிருக்கிறது. ஸ்காட்லாந்து முழுக்க இந்த நாகரிகம் பரவியது, ஆகவே கோபுரம் கண்ட இடமெல்லாம் பழசு என்று நம்ப வேண்டாம். கோபுரத்தின் கீழ்த்தளத்தில் வரவேற்பறை அளவுக்குப் பெரிய ஜன்னல் இருந்து, அதன் நிலையில் கை வைத்தால் இரண்டடிச் சுவர்தான் என்றால், அது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. நூலக ஜன்னல்போலப் பின்னால் குடைந்தது என்றால் தடிமனே காட்டிக்கொடுத்துவிடும்.

டிரம்முக்கு மறுபடி போனால், நூலகத்தில் இருந்து நேரே வெளியே வந்துவிடாதீர்கள். வெளிப்படியேறி, சுவருக்குள் ஓடும் குறுகல் படி வழியாக மேல் கூடத்துக்குப் போங்கள். அங்கே அலமாரி கிடையாது, வெறும் கல்லும் தலைக்குமேல் வளைவும்தான். கீழே நூலகம் இருக்கும் அதே கோபுரம், அதே சுவர். கம்பளத்தையும் புத்தகத்தையும் கழித்துவிட்டால் 1323இல் வில்லியம் டி இர்வினுக்குக் கிடைத்த வீடு எப்படி இருந்தது என்பது அங்கே தெரியும். மழைக்காலமாக இருந்தால் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.